முதற்சுற்றில் தோற்றவரின் ஆண்டு

(பள்ளிவாசல்துறையில் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சோளகம் பிறந்துவிட்டால் இந்தக் கரையில் கடலின் முகம் மாறிவிடும். வலையையும் இயந்திரத்தையும் லொறியில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கமோ திருகோணமலைப் பக்கமோ போய் வாடி போடுவார்கள். வாடைக் காலத்தில் அங்கே கடல் குழம்பும், இங்கே அடங்கும். அப்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் கற்பிட்டிக்கும் அதற்கப்பாலுள்ள தீவுகளுக்கும் வந்து சேர்வார்கள். காற்று எங்கே இடம் கொடுக்கிறதோ அங்கே வாடி. தொழில்முறை டென்னிஸ் வீரரின் ஆண்டும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. ஜனவரியில் மெல்பர்ன், மே கடைசியில் பாரிஸ், ஜூலையில் லண்டனின் விம்பிள்டன், ஆகஸ்ட் கடைசியில் நியூயோர்க். கிராண்ட் ஸ்லாம் என்று சொல்லப்படும் நான்கு பெரும் போட்டிகளும் இந்த நான்கு ஊர்களில் நடக்கின்றன. இடையில் வரும் வாரங்களில் சின்னச் சின்ன வாடிகள்.

பள்ளிவாசல்துறையில் டென்னிஸைப் பற்றி என்ன பேச்சு என்று யாராவது நினைத்தால் அதில் பிழையில்லை. புத்தளம் என்றால் உதைபந்தாட்டம். மாலையானால் கரையோர வெளிகளில் எழும்புவது கரப்பந்து வலை. எனவே கரப்பந்தின் அளவுகளிலிருந்தே தொடங்கலாம். கரப்பந்துத் திடலில் ஒரு பக்கம் 9 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். அந்த 81 சதுர மீற்றரை ஆறு பேர் காவல் காக்கிறார்கள். டென்னிஸில் ஒற்றையர் ஆட்டத் திடலின் நீளம் 23.77 மீற்றர், அகலம் 8.23 மீற்றர். அகலத்தில் அது கரப்பந்துத் திடலைவிடக் குறுகல். ஆனால் ஒரு பக்கத்தின் பரப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 98 சதுர மீற்றர் வரும். அதைக் காக்க ஒரே ஓர் ஆள்தான். பெரும் போட்டிகளில் ஆண்களுக்கு ஐந்து செட் வரை போகும். மூன்று மணி, நான்கு மணி நேரம் அந்த 98 சதுர மீற்றரில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்று பேசப்போவது 2019ஆம் ஆண்டைப் பற்றி. அந்த ஆண்டின் வெற்றியாளர்களை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆண்களில் மெல்பர்னும் விம்பிள்டனும் நோவாக் ஜோகோவிச்சுக்கு, பாரிஸும் நியூயோர்க்கும் ரஃபேல் நடாலுக்கு. பெண்களில் நான்கு கிண்ணங்களும் நான்கு பேருக்குப் போயின: மெல்பர்னில் நவோமி ஒசாகா, பாரிஸில் ஆஷ்லி பார்ட்டி, விம்பிள்டனில் சிமோனா ஹாலெப், நியூயோர்க்கில் பியாங்கா ஆண்ட்ரேஸ்கு. விம்பிள்டன் இறுதியில் ஹாலெப் செரீனா வில்லியம்ஸை 6-2, 6-2 என்று 56 நிமிடத்தில் முடித்தார். மறுநாள் அதே திடலில் ஜோகோவிச்சும் ஃபெடரரும் 4 மணி 57 நிமிடம் ஆடினார்கள்.

இதெல்லாம் பத்திரிகையில் வந்த கதை. அந்த ஆண்டை அதன் வாசற்படியிலிருந்து பார்த்த ஒருவரின் கதை அவ்வளவாக வரவில்லை. அவர் சென்னைக்காரர், இடதுகை ஆட்டக்காரர், பெயர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். 2019இல் நான்கு பெரும் போட்டிகளிலும் ஒற்றையர் பிரதான சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்.

நான்கு தோல்வியைப் பேச ஒரு கூட்டமா என்று கேட்கலாம். அந்த நான்கு தோல்விக்கும் இடம் பிடிக்க என்ன பாடு பட வேண்டும் என்று பார்த்தால்தான் இந்தப் போட்டிகளின் ஆண்டு எப்படி ஓடுகிறது என்பது விளங்கும்.

ஒரு பெரும் போட்டியில் ஆண்கள் ஒற்றையருக்கு 128 இடங்கள். அதில் 104 பேர் தரவரிசையைக் கொண்டு நேரே நுழைகிறார்கள். 8 இடம் போட்டி நடத்துவோர் தாங்கள் விரும்பியவர்களுக்குக் கொடுக்கும் அழைப்பு. அது பெரும்பாலும் சொந்த நாட்டு இளைஞர்களுக்குப் போய்விடும். மிச்சம் 16 இடம். அந்தப் பதினாறுக்கு 128 பேர் தகுதிகாண் சுற்றில் மோதுவார்கள். பிரதான போட்டி தொடங்குவதற்கு முந்திய வாரத்தில், பெரிய கூட்டமில்லாத பக்கத் திடல்களில் அந்த ஆட்டங்கள் நடக்கும். மூன்று ஆட்டங்களையும் வென்றால் உள்ளே. ஒன்றில் தோற்றாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பெட்டியைக் கட்டுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிரதான சுற்றில் இடம் பெற்ற யாராவது காயத்தால் கடைசி நேரத்தில் விலகினால், தகுதிகாண் சுற்றில் தோற்றவர்களில் ஒருவருக்கு அந்த இடம் போகும். ஆங்கிலத்தில் அவரை ‘லக்கி லூசர்’ என்பார்கள். தோற்றாலும் அதிர்ஷ்டசாலி. ஆனால் அந்த அதிர்ஷ்டம் வீடு தேடி வராது. அந்த ஊரிலேயே நின்று, போட்டி அலுவலகத்தில் கையொப்பமிட்டு, யாருக்காவது முதுகு பிடிக்கிறதா, கணுக்கால் சுளுக்குகிறதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் ஹோட்டல் செலவும் தலையில். அதே வாரத்தில் வேறோர் ஊரில் சின்னப் போட்டி ஒன்று தொடங்கும். அங்கே போனால் ஆட்டம் நிச்சயம். இங்கே நின்றால் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம்.

2018 மே மாதம் பாரிஸில் பிரஜ்னேஷ் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றார். தகுதிகாண் சுற்றில் தோற்றதும் இத்தாலியின் விசென்ஸா நகரில் நடந்த, சலஞ்சர் எனப்படும் சின்னப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். வழக்கமான ஆண்டாக இருந்தால் அது சரியான முடிவு. அந்த ஆண்டில் ஒரு புது விதி வந்திருந்தது. காயத்தோடு வந்து பெயருக்கு ஆடி முதற்சுற்றுப் பணத்தை வாங்கிப் போகும் பழக்கத்தை நிறுத்துவதற்காக, ஆடாமல் விலகுகிறவருக்கும் முதற்சுற்றுப் பணத்தில் பாதி கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. உடனே காயக்காரர்கள் வரிசையாக விலகினார்கள். எட்டு இடங்கள் காலியாகின. அதிர்ஷ்டப் பட்டியல் கீழே இறங்கிக்கொண்டே வந்து பிரஜ்னேஷின் பெயரில் நின்றபோது, அவர் விசென்ஸாவில் இருந்தார். வேறு போட்டியில் பெயர் பதிந்தவருக்கு இங்கே இடமில்லை.

அந்த இடம் அடுத்தவரான ஆர்ஜென்டீனாவின் மார்கோ துருன்கெல்லித்திக்குப் போனது. அவரும் தோற்றுப்போய் பார்சிலோனாவில் வீட்டுக்கு வந்துவிட்டவர்தான். ஆனால் வேறெங்கும் பெயர் கொடுத்திருக்கவில்லை. செய்தி கிடைத்ததும் தாய், சகோதரன், தொண்ணூறை நெருங்கிய பாட்டி என்று எல்லோரையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் ஓட்டி நள்ளிரவுக்குப் பாரிஸ் வந்து சேர்ந்தார். காலை 11 மணிக்குத் திடலில் இறங்கி அவுஸ்திரேலியாவின் பேர்னார்ட் டோமிக்கை நான்கு செட்டில் வென்றார். பாட்டியும் காரும் உலகப் பத்திரிகைகளில் வந்தன. சென்னைப் பையனின் பெயர் அந்தச் செய்திகளில் ஓர் ஓரத்தில் வந்து போனது.

அப்போது பிரஜ்னேஷுக்கு வயது 28. பொதுவாக அது ஓர் ஆட்டக்காரர் உச்சத்தில் நிற்கும் வயது. இவரோ அப்போதுதான் தொடங்கிக்கொண்டிருந்தார். முழங்கால்களில் எலும்பு வெடிப்பு வந்து வந்து, இருபதுகளின் முற்பாதியில் பல ஆண்டுகளை ஆட்டமில்லாமலே கழித்தவர். ஜேர்மனியில் அலெக்ஸாண்டர் வாஸ்கேயின் பயிற்சிக்கூடத்தில் ஆட்டத்தைத் திருப்பிக் கட்டினார். 2018இன் தொடக்கத்தில் தரவரிசையில் 200க்கு வெளியே நின்றவர், சீனாவின் ஆன்னிங்கில் ஒரு சலஞ்சர் கிண்ணம், ஸ்டுட்கார்ட்டில் புல்தரையில் டெனிஸ் ஷபவலோவுக்கு எதிராக ஒரு வெற்றி, ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம், நவம்பரில் பெங்களூரில் இன்னொரு சலஞ்சர் கிண்ணம் என்று ஏறி, அந்த ஆண்டின் முடிவில் நூறின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

விளிம்புதான். உள்ளே இல்லை. எனவே 2019 ஜனவரியில் மெல்பர்னில் மறுபடியும் தகுதிகாண் சுற்று. மூன்றாவது ஆட்டத்தில் ஜப்பானின் யோசுகே வதனுக்கி. முதல் செட்டை, 6-6 என்று சமனானால் வரும் டைபிரேக்கரில் விட்டுவிட்டு, அடுத்த இரண்டையும் 6-4, 6-4 என்று எடுத்தார். 29 வயதில் முதன்முறையாக ஒரு பெரும் போட்டியின் பிரதான சுற்று. எதிரே அமெரிக்காவின் ஃபிரான்சஸ் டியாஃபோ. முதல் செட் டைபிரேக்கரில் 7-9 வரை போய்த்தான் கைநழுவியது. பிறகு 3-6, 3-6. டியாஃபோ அந்தப் போட்டியில் கால் இறுதி வரை போனார்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பெரும் போட்டியை வென்றால் 2000 தரவரிசைப் புள்ளி. முதற்சுற்றில் தோற்றால் 10. தகுதிகாண் சுற்றைக் கடந்து வந்தவருக்கு அதற்காக அப்போது 25 சேர்ந்தது. ஆக மெல்பர்னில் நான்கு ஆட்டங்கள் ஆடியதற்குப் பிரஜ்னேஷின் கணக்கில் 35 புள்ளி. இந்தப் புள்ளிக்கு ஆயுள் 52 வாரம். அடுத்த ஜனவரியில் அது உதிர்ந்துவிடும், அதே அளவைத் திருப்பிச் சம்பாதித்தால்தான் இருந்த இடத்திலாவது நிற்கலாம். போன வருஷம் கரைவலையில் அள்ளிய மீனைக் காட்டி இந்த வருஷம் கடன் கேட்க முடியாது என்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். டென்னிஸ் தரவரிசையும் அப்படித்தான். வாரத்துக்கு வாரம், போன வருஷத்து அதே வாரம் பின்னால் துரத்திக்கொண்டே வரும்.

பெப்ரவரியில் சென்னையில் நடந்த சலஞ்சரில் அரையிறுதி வரை போனது அவரை முதல் நூறுக்குள் கொண்டுவந்தது: 97ஆம் இடம். சொந்த ஊரில், பழகிய வெயிலில் அது நடந்தது. மார்ச்சில் அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ் போட்டியில் பெனுவா பேரையும், அப்போது உலகின் முதல் இருபதுக்குள் இருந்த ஜோர்ஜியாவின் நிக்கோலோஸ் பாசிலாஷ்விலியையும் தோற்கடித்தார். ஏப்ரலில் 75ஆம் இடம். அதுதான் அவர் வாழ்நாளில் தொட்ட உச்சம். 75 என்றால் பாரிஸிலும் லண்டனிலும் தகுதிகாண் சுற்று இல்லை. வாசலில் பெயரைச் சொன்னால் போதும்.

பாரிஸ் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் செம்மண் போலத் தெரியும். உண்மையில் அது இடித்துத் தூளாக்கிய செங்கல். தடிப்பு ஓரிரு மில்லிமீற்றர்தான். அதற்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் படை. சீமெந்துத் தொழிற்சாலையின் புகையைப் பார்த்து வளர்ந்த புத்தளத்துக்காரருக்குச் சுண்ணாம்புக்கல்லை விளக்கத் தேவையில்லை. அந்தக் கல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேலேயுள்ள செங்கல் தூள் பந்தின் வேகத்தைத் தின்னும். பந்து குத்தி, நின்று, தோளுயரத்துக்கு எழும்பும். அடி முடிந்த பிறகும் கால் சறுக்கிக்கொண்டு போகும். சறுக்கத் தெரியாதவர் அங்கே கால் முறிப்பார். இந்தத் தரையிலேயே வளர்கிறவர்கள் தென்னமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் இருக்கிறார்கள். பிரஜ்னேஷுக்கு எதிரே வந்தவர் பொலிவியாவின் ஹியூகோ டெல்லியன். 1-6, 3-6, 1-6.

ஜூன் 9இல் பாரிஸ் முடிந்தது. ஜூலை 1இல் விம்பிள்டன் தொடங்கியது. இடையில் மூன்று வாரம். தூளில் சறுக்கப் பழகிய கால்கள், 8 மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டிய புல்லில் குட்டி எட்டு வைக்கப் பழக வேண்டும். புல்லில் பந்து எழும்பாது. வழுக்கிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே வரும். சேர்விஸ் வலுவானவருக்கு அது சொர்க்கம். பிரஜ்னேஷுக்கு வாய்த்தவரோ கனடாவின் மிலோஷ் ராவ்னிச். சேர்விஸுக்கே பெயர் போனவர், 2016இல் அதே விம்பிள்டனில் இறுதி வரை வந்தவர். முதல் செட்டில் இருவரும் தத்தம் சேர்விஸை விடாமல் டைபிரேக்கர் வரை வந்தார்கள். அங்கே 1-7. அடுத்த இரண்டும் 4-6, 2-6.

ஆகஸ்ட் கடைசியில் நியூயோர்க். அங்கே ஐந்தாம் நிலை வீரர் ரஷ்யாவின் டானியல் மெட்வடேவ், அந்தக் கோடையில் யாராலும் எளிதில் நிறுத்த முடியாமல் ஓடிக்கொண்டிருந்தவர். 4-6, 1-6, 2-6. மெட்வடேவ் அங்கிருந்து இறுதி வரை போய் நடாலுடன் ஐந்து செட் ஆடினார். அதே முதற்சுற்றில் ஹரியானாக்காரர் சுமித் நாகல், ஃபெடரரிடமிருந்து முதல் செட்டை 6-4 என்று பறித்து உலகையே ஒரு கணம் நிமிர்ந்து உட்காரவைத்தார். பிறகு தோற்றார். நியூயோர்க்கில் இரவாட்டம், இங்கே செவ்வாய்க்கிழமை விடிந்துகொண்டிருந்தது. ஒரு பெரும் போட்டியின் ஆண்கள் ஒற்றையரில் இரண்டு இந்தியர்கள் ஒன்றாக ஆடியது 1998க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

நான்கு எதிரிகளையும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஒருவர் அந்தப் போட்டியில் கால் இறுதிக்குப் போனவர். ஒருவர் முன்னாள் இறுதி வீரர். ஒருவர் அந்தப் போட்டியிலேயே இறுதிக்குப் போனவர். இதற்குக் காரணம் அதிர்ஷ்டக்கேடு மட்டுமல்ல. 128 பேரில் 32 பேருக்கு நிலை கொடுத்து, அவர்கள் முதல் இரண்டு சுற்றுகளில் ஒருவரையொருவர் சந்திக்காதபடி பிரித்து வைப்பார்கள். 2001 விம்பிள்டனிலிருந்து இந்த எண்ணிக்கை 32. அதற்கு முன்னர் 16 மட்டும். நிலை பெறாத 96 பேரில் மூன்றில் ஒருவருக்கு முதல் நாளே ஒரு பெரிய தலை எதிரே வந்து நிற்கும். தரவரிசையில் 75இல் இருந்தாலும் 104இல் இருந்தாலும் சீட்டுக் குலுக்கலில் எல்லாம் ஒன்றுதான்.

அப்படியானால் எதற்காக ஓடுகிறார்கள்?

ஒரு காரணத்தை எண்ணிலேயே சொல்லிவிடலாம். 2019இல் முதற்சுற்றில் தோற்றவருக்கு மெல்பர்னில் 75,000 அவுஸ்திரேலிய டொலர், பாரிஸில் 46,000 யூரோ, விம்பிள்டனில் 45,000 பவுண், நியூயோர்க்கில் 58,000 அமெரிக்க டொலர். விம்பிள்டனை வென்ற ஜோகோவிச்சுக்குக் கிடைத்தது 23,50,000 பவுண். அதன் பக்கத்தில் 45,000 சிறிதுதான். ஆனால் சலஞ்சர் போட்டிகளில் ஒரு வாரம் முழுவதும் ஆடி அரையிறுதி வரை வருகிறவர், பயணச்சீட்டும் ஹோட்டலும் பயிற்றுநர் சம்பளமும் போக, கையில் ஒன்றும் நிற்காமல்தான் அடுத்த ஊருக்கு விமானம் ஏறுகிறார். அவருக்கு இந்த நான்கு முதற்சுற்றுகளும்தான் வருஷத்தின் அறுவடை. வரி அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். மிச்சத்தில் உடற்பயிற்சி நிபுணர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், பயிற்றுநரையும் கூடவே கூட்டிப் போகலாம், முழங்காலுக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுக்கலாம். 104ஆம் ஆளுக்கும் 105ஆம் ஆளுக்கும் ஆட்டத்தில் வித்தியாசம் மயிரிழை. வருமானத்தில் அது வேறு உலகம்.

இந்தப் பணம் என்றும் இருந்ததில்லை. தமிழரின் டென்னிஸ் கதை பணமில்லாத காலத்தில் தொடங்கியது. நாகர்கோவிலில் பிறந்து தென்காசிப் பக்கம் வளர்ந்த ராமநாதன் கிருஷ்ணன், 1954இல் விம்பிள்டன் இளையோர் கிண்ணத்தை வென்ற முதல் ஆசியர். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதிக்கு வந்தார். முதல் தடவை நீல் ஃபிரேசரிடம், இரண்டாவது தடவை ராட் லேவரிடம் தோற்றார். அந்தந்த ஆண்டில் கிண்ணத்தைத் தூக்கியவர்களும் அவர்களே. 1968 வரை பெரும் போட்டிகள் அமெச்சூர்களுக்கு மட்டுமே திறந்திருந்தன. பரிசுப் பணம் கிடையாது. பணத்துக்கு ஆட விரும்பியவர்கள் அமெரிக்கரான ஜாக் கிரேமர் நடத்திய தனிக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக ஆடினார்கள். சேர்ந்தால் விம்பிள்டனும், நாடுகள் மோதும் டேவிஸ் கிண்ணமும் இல்லை. கிருஷ்ணனுக்கு 1959இல் கிரேமர் மூன்று வருஷத்துக்கு 1,50,000 டொலர் காட்டினார். கிருஷ்ணன் வேண்டாம் என்றார். 1966இல் இந்தியாவை டேவிஸ் கிண்ண இறுதிச் சவாலுக்கு மெல்பர்ன் வரை அழைத்துப் போனவரும் அவர்தான்.

அடுத்த தலைமுறை பணம் வந்த பிறகு வந்தது. சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ், 1973இல் விம்பிள்டனிலும் அமெரிக்காவிலும் கால் இறுதிக்குப் போனார். அமெரிக்காவில் அவர் வழியில் வீழ்ந்தவர்களில் ராட் லேவர் ஒருவர். கிருஷ்ணனின் மகன் ரமேஷ், 1979இல் பாரிஸ், விம்பிள்டன் இரண்டிலும் இளையோர் கிண்ணம் வென்றார். 1989 மெல்பர்னில் அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த மட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998இல் மெல்பர்னில் ஒரு சுற்று வென்றார். 1968க்குப் பிறகு பெரும் போட்டி ஒன்றின் ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். ஒரே ஒரு சுற்றுக்கு அவ்வளவு பெயரா என்று கேட்பவருக்கு, 104இன் கணக்கைத்தான் மறுபடி காட்ட வேண்டும்.

சென்னைக்கும் இந்த ஆண்டுச் சுழற்சியில் ஒரு காலத்தில் சொந்த வாரம் இருந்தது. 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பன் பெரும்பாலும் ஜனவரியின் முதல் வாரத்தில் வரும். மெல்பர்னுக்கு முன் வெயிலுக்குப் பழகிக்கொள்ள ஐரோப்பாவிலிருந்து ஆட்டக்காரர்கள் வருவார்கள். சுவிட்சர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்கா அங்கே நான்கு முறை வென்றவர். 2014இல் சென்னைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே மெல்பர்னுக்குப் போய், இறுதியில் நடாலை வென்று தன் முதல் பெரும் கிண்ணத்தையும் எடுத்தார். 2017 இறுதியில் ஸ்பெயினின் பௌதிஸ்தா அகூட்டிடம் தோற்ற ஒல்லிப் பையன் ஒருவனுக்கு அதுதான் தொழில்முறைச் சுற்றில் முதல் இறுதியாட்டம். அவன் பெயர் டானியல் மெட்வடேவ். இரண்டரை வருஷம் கழித்து நியூயோர்க்கில் சென்னைக்காரரை மூன்று செட்டில் அனுப்பிவைத்தவரும் அவரே. 2018இல் அந்தப் போட்டி புனேக்குப் போய்விட்டது. பிரஜ்னேஷ் நூறுக்குள் வந்த வேளையில் சென்னையில் மிஞ்சியிருந்தது சலஞ்சர் மட்டும்.

2019க்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. நான்கு போட்டிகளும் ஒரே ஆட்டம்தான் என்றாலும், ஐந்தாவது செட் சமனானால் எப்படி முடிப்பது என்பதில் நான்கும் நான்கு விதம். மெல்பர்னில் 6-6 வந்தால் பத்துப் புள்ளி டைபிரேக்கர். பாரிஸில் டைபிரேக்கரே இல்லை, இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். விம்பிள்டனில் 12-12 வந்தால்தான் டைபிரேக்கர், அதுவும் அந்த ஆண்டில் வந்த புது விதி. ஜோகோவிச் - ஃபெடரர் இறுதியாட்டம் அந்த விதியில்தான் 13-12 என்று முடிந்தது. நியூயோர்க்கில் 6-6க்கு வழக்கமான ஏழு புள்ளி டைபிரேக்கர். இந்த நான்கையும் 2022இல்தான் ஒன்றாக்கி, எங்கும் 6-6க்குப் பத்துப் புள்ளி என்று வைத்தார்கள். பிரஜ்னேஷுக்கு இந்த விதிகள் எதுவும் தேவைப்படவில்லை. நான்கு ஆட்டத்திலும் அவர் நான்காவது செட்டுக்குக்கூடப் போகவில்லை.

இந்தக் கரையிலிருந்து அந்தப் போட்டிகளைப் பார்ப்பதற்கும் ஒரு பருவக் கணக்கு இருக்கிறது. மெல்பர்னில் காலை 11 மணி என்றால் இங்கே அதிகாலை 5.30, தோணிகள் கரைக்கு வரும் நேரம். பாரிஸ் காலை இங்கே பிற்பகல் 2.30. லண்டன் காலை இங்கே பிற்பகல் 3.30. நியூயோர்க்கின் காலை இங்கே இரவு 8.30, அங்கே இரவாட்டம் தொடங்கும்போது இங்கே அடுத்த நாள் விடியற்காலை 4.30. கடலுக்குப் போகிற வீட்டில் நான்கையும் பார்த்துவிடலாம். எப்படியும் யாராவது ஒருவர் விழித்திருப்பார்.

2019 முடியும்போது பிரஜ்னேஷ் மறுபடியும் நூறுக்கு வெளியே போயிருந்தார். இந்தியன் வெல்ஸ் போன்ற வாரங்கள் இரண்டாவது தடவை வரவில்லை. 2020 ஜனவரியில் மெல்பர்னில் தகுதிகாண் சுற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. இரண்டு ஆட்டம் வென்று, மூன்றாவதில் லத்வியாவின் ஏர்னெஸ்ட்ஸ் குல்பிஸிடம் தோற்றார். இந்த முறை எந்த விசென்ஸாவுக்கும் கிளம்பவில்லை. மெல்பர்னிலேயே நின்றார். ஒருவர் விலகினார், பிரஜ்னேஷ் லக்கி லூசராக உள்ளே வந்தார். முதற்சுற்றில் ஜப்பானின் தட்சுமா இட்டோ. அந்த ஆட்டத்தை வென்றவருக்கு இரண்டாம் சுற்றில் ஜோகோவிச் காத்திருந்தார்.

4-6, 2-6, 5-7. இட்டோ போய் ஜோகோவிச்சுடன் ஆடினார். அந்த ஆண்டின் விம்பிள்டன், கொவிட் தொற்றால் நடக்கவேயில்லை. 2024 நவம்பரில், 35 வயதில், பிரஜ்னேஷ் ஓய்வை அறிவித்தார். பெரும் போட்டிகளின் பிரதான சுற்றில் அவர் ஆடியது மொத்தம் ஐந்து ஆட்டங்கள். அதில் நான்கு, அந்த ஒரே ஆண்டில் ஆடியவை.